புள்ளி ஆந்தை பாக்கணுமா, முதல்ல பொந்தத் தேடுங்க

ஆந்தை பாக்கறதுன்னா அர்த்தராத்திரில டார்ச் தூக்கிட்டு காட்டுக்குள்ள அலையணும்னு நெறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க. புள்ளி ஆந்தைக்கு அந்த சிரமமே வேணாம். ஊர் எல்லையில ஒரு பழைய புளியமரமோ ஆலமரமோ இருந்தா போதும், கூட ஒரு சுமாரான பைனாகுலர், சாயங்காலம் ஒரு மணி நேரம் வாய மூடிட்டு உக்காந்திருக்கற பொறுமை, அவ்ளோதான். அப்படியும் போறவங்கள்ல பாதி பேருக்கு ஆந்தை கண்ணுல படறதில்ல, ஏன்னா அவங்க மரம் பூரா எலை எலையா கண்ண ஓட்டி ஆந்தையத் தேடறாங்க. ஆந்தைய விட்டுருங்க, பொந்தத் தேடுங்க. இதுக்கு கூடு கட்டவும் தெரியாது, மரங்கொத்தி மாதிரி குடையறதுக்கு அலகும் கெடையாது, அதனால பகல்ல தூங்கறது, மழைக்கு ஒதுங்கறது, குஞ்சு பொரிக்கறது எல்லாமே அடுத்தவன் விட்டுட்டுப் போன ஓட்டையிலயோ தானா உளுத்துப்போன கிளைப் பொந்துலயோதான். நல்ல பொந்து கெடச்சுட்டா லேசுல அத விட்டு நகரவும் நகராது. அதனால பொந்தக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஆந்தை தானா கெடைக்கும்.

ஆளு அடையாளம் மொதல்ல. மைனா சைஸ்தான், 21 சென்டிமீட்டர் நீளம், நூத்திப்பத்து கிராம் சுமாருக்கு எடை, ஆனா உருண்டையா குட்டையா இருக்கறதால அத விடப் பெருசா தெரியும். சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, அதுல வெள்ளப் புள்ளிங்க, தலை உச்சியிலயும் பொடிப் பொடியா புள்ளி, கண்ணுக்கு மேல வெள்ளப் புருவம், கழுத்துல வெள்ளப் பட்டை. வயிறு வெள்ளையா இருக்கும், அதுல பழுப்பு கலர்ல விட்டு விட்டு குறுக்குக் கோடு. கண்ணு வெளிறின மஞ்சள். கொம்பு மாதிரி நிக்கற காதுத் தூவி கெடையாது, தலை வழுவழுன்னு உருண்டையா இருக்கும். கொம்பு தெரிஞ்சா அது வேற ஆந்தை, முகம் இதய வடிவத்துல வெள்ளையா இருந்தா அது கூகை, ரெண்டையும் இதோட போட்டு குழப்பிக்க வேண்டியதில்ல.

குழப்பம் வர்றது ஜங்கிள் ஔலெட்ங்கிற காட்டுச் சின்ன ஆந்தையோடதான். அதுவும் இதே சைஸ், அதுக்கும் மஞ்சக் கண்ணு. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலைப் பக்கம் போனீங்கன்னா ஊருக்குள்ள இருக்கறது இதுவாவும் காட்டுக்குள்ள கத்தறது அதுவாவும் இருக்கும். வித்தியாசம் சிம்பிள், அதுக்கு புள்ளி கெடையாது, தலையிலேருந்து வால் வரைக்கும் நெருக்கமா குறுக்குக் கோடுதான், கழுத்துப் பட்டையும் இல்ல. சத்தமும் வேற, மெதுவா ஆரம்பிச்சு போகப் போக வேகம் கூடற மாதிரி காவ் காவ்னு ஒரு தொடர் கூவல். புள்ளி ஆந்தை அப்படி ராகம் போட்டெல்லாம் கூவாது, ரெண்டு மூணு சேந்து சிர்ர் சிர்ர் சிர்ர்னு கீச்சி கடைசில சீவக் சீவக்னு முடிக்கும், கேக்கறதுக்கு சண்டை போடற மாதிரியே இருக்கும். இலங்கைல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, அங்க புள்ளி ஆந்தை கெடையாது, ஜங்கிள் ஔலெட் உண்டு, ஈரக் காடுகள்ல அந்த நாட்டுக்கே சொந்தமான செம்முதுகு சின்ன ஆந்தை ஒண்ணும் உண்டு. அதனால கீழ சொல்றதுல பொந்து பத்தின விஷயம் உங்களுக்கும் உதவும், சத்தமும் மாசக் கணக்கும் உதவாது.

இன்னொரு சொந்தக்காரனையும் சொல்லணும், நம்ம ஊர்ல கெடையாது, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் போறவங்களுக்காக. ஃபாரஸ்ட் ஔலெட்னு ஒண்ணு, 1884க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படாம, அழிஞ்சே போச்சுன்னு பாதி பேர் முடிவே பண்ணிட்டாங்க. அப்புறம் பமீலா ராஸ்முசென்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் மியூசியத்துல இருந்த பாடம் பண்ணின உடல்கள எல்லாம் நோண்டிப் பாத்து, 1914-ல பிடிச்சதா ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன்ங்கிற ஆள் சொன்னது டுபாக்கூர், வேற ஒருத்தர் பிடிச்ச பழைய பறவையவே திருடி மறுபடி தச்சு வச்சிருக்கார்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பொய்யான எடத்த விட்டுட்டு பழைய நிஜமான ரெக்கார்டுங்கள வச்சு தேடிப் போனாங்க, 1997 நவம்பர்ல மகாராஷ்டிராவுல ஷஹாதா பக்கத்துல ஒரு மரத்துல உக்காந்திருக்கு, 113 வருஷம் கழிச்சு, அதுவும் பட்டப்பகல்ல. இத எதுக்கு சொல்றேன்னா, அந்தப் பக்கம் போய் புள்ளி ஆந்தையப் பாத்துட்டு ஃபாரஸ்ட் ஔலெட் பாத்தேன்னு சொல்றது ரொம்ப ஈசியா நடக்கும். தலை உச்சியப் பாருங்க. பளிச்சுனு புள்ளி தெரிஞ்சா நம்ம ஆளு. உச்சி கிட்டத்தட்ட வெறுமையா, மார்ல அடர்த்தியா பட்டை, அதுக்குக் கீழ வயிறு சுத்த வெள்ளை, காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி தடிமனா தூவின்னு இருந்தாதான் அது.

சரி, பொந்து. புளி, ஆல், அரசு, இலுப்பை, மருது, வயசான வேம்பு, வயசான மா, இதெல்லாம் நம்பிப் போகலாம். இளசான மரத்துல நேரத்த வீணாக்காதீங்க. யூக்கலிப்டஸ், சவுக்குத் தோப்பெல்லாம் பத்து ஏக்கர் இருந்தாலும் ஒண்ணும் இருக்காது. பெரிய கிளை ஒடஞ்சு விழுந்த எடத்துல தண்ணி தங்கி, பூஞ்சை பிடிச்சு, உள்கட்டை உளுத்து வருஷக்கணக்குல உருவாகற ஓட்டைதான் நமக்கு வேணும், இல்லன்னா மரங்கொத்தி போட்டு அப்புறம் கிளி பெருசாக்கின ஓட்டை. தலை போன மொட்டைப் பனையும் அருமையான எடம், ஆனா அங்க கிளி, மைனா, பனங்காடைன்னு போட்டி ஜாஸ்தி. மரம் இல்லாத ஊர்ல கோயில் மதில் சந்து, பாழடைஞ்ச வீடு, பழைய கிணத்துச் சுவர் பொந்து இதெல்லாம் பாருங்க. ரோட்டோரப் புளியமரங்க இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு, நாலு வழிச்சாலைன்னு வரிசை வரிசையா வெட்டித் தள்ளிட்டாங்க, பதிலுக்கு மரக்கன்னு நட்டுட்டோம்னு சொல்வாங்க, அந்தக் கன்னுல ஒரு பொந்து விழ அம்பது வருஷம் யார் உக்காந்திருக்கறது.

மரத்தப் பாத்ததும் மேல பாக்காதீங்க, கீழ பாருங்க. பொந்துக்கு நேர் கீழ, இல்லன்னா பக்கத்துல படுத்த மாதிரி இருக்கற தடிச்ச கிளைக்கு நேர் கீழ, சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி எச்சம் ஒரே எடத்துல கொட்டிக் கெடக்கணும். அடிமரத்துல வழிஞ்சு காஞ்ச வெள்ளைக் கோடும் இருக்கும். காக்கா, கொக்கு அடையற மரத்துலயும் எச்சம் இருக்கும், ஆனா அது மரம் முழுக்க பரவலா விழும், இது ரெண்டு மூணு எடத்துல மட்டும் குவியலா இருக்கும். அதுகூட கருப்பா காஞ்ச உருண்டை ஏதாவது கெடந்தா முடிஞ்சுது, நீங்க வந்து சேந்துட்டீங்க. அந்த உருண்டை பத்தி கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

இன்னொரு வழி, மத்த பறவைங்க கிட்ட கேக்கறது. பகல்ல ஒரு மரத்துக்குள்ள தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, கரிச்சான், மைனா எல்லாம் கூட்டமா சேந்து ஒரே எடத்தப் பாத்து கத்திட்டு இருந்தா அங்க பாம்பு இருக்கும், இல்ல பூனை இருக்கும், இல்ல ஆந்தை இருக்கும். அணிலும் வால ஆட்டி ஆட்டி விடாம கீச்சும். நேரா கிட்ட போயிடாதீங்க, தள்ளி நின்னு அதுங்க மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு கவனிச்சு அந்த எடத்துக்கு பைனாகுலரத் திருப்புங்க. மனுசங்க கிட்டயும் கேக்கலாம், ஆனா புள்ளி ஆந்தைன்னு கேட்டா ஊர்ல யாருக்கும் புரியாது, சாக்குருவி எந்த மரத்துல கத்தும்னு கேளுங்க, பெரியவங்க உடனே கை நீட்டுவாங்க, கூடவே அது கத்தினா எந்த வீட்டுல யார் போனாங்கன்னு ஒரு லிஸ்ட்டும் சொல்வாங்க, அதையும் கேட்டுக்கோங்க, வாதாட வேணாம், நமக்கு அட்ரஸ் கெடச்சா சரி.

பொந்து கெடச்சாச்சு, இப்ப உக்காரணும். சூரியன் மறையறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. ஒரு இருபது மீட்டராவது தள்ளி, வேலியோ இன்னொரு மரமோ முதுகுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி உக்காந்துட்டா நல்லது, நிக்கற மனுசன விட உக்காந்த மனுசன அது சீக்கிரம் மறந்துடும். பளிச்சுனு வெள்ளச் சட்டை வேணாம். மொதல்ல பொந்து வாசல்ல ஒண்ணுமே இருக்காது, இருட்டா ஒரு ஓட்டை. அப்புறம் எப்ப வந்துச்சுன்னே தெரியாது, அந்த இருட்டுல ரெண்டு மஞ்சக் கண்ணு இருக்கும். நேரா உங்களத்தான் பாத்துட்டு இருக்கும். கொஞ்ச நேரத்துல தலைய மேலயும் கீழயும் ஆட்டும், அப்புறம் பக்கவாட்டுல ஆட்டும், கோமாளித்தனமா இருக்கும், ஆனா அது உங்கள அளந்துட்டு இருக்கு. ஆந்தைக்கு கண்ணு மண்டைக்குள்ள அசையாது, நம்ம மாதிரி கண்ண உருட்ட முடியாது, அதனால எவ்ளோ தூரம்னு தெரிஞ்சுக்க தலைய நகத்தி நகத்தி வேற வேற கோணத்துல பாக்கும். கழுத்துல 14 எலும்பு, நமக்கு ஏழுதான், அதான் முக்கால் வட்டம் வரைக்கும் தலையத் திருப்புது. ஒரு தடவ ரெண்டு தடவ ஆட்டிட்டு வேற பக்கம் திரும்பி இறக்கையக் கோத ஆரம்பிச்சா உங்கள ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். ஆட்டம் நிக்கவே இல்ல, ஒடம்ப விறைப்பாக்கி ஒல்லியா நீட்டிக்கிட்டு நிக்குது, இல்ல டக்குனு உள்ள போயிடுச்சுன்னா நீங்க ரொம்ப கிட்ட இருக்கீங்க, எந்திரிச்சு பத்து மீட்டர் பின்னாடி போங்க.

அமைதி ஆயிடுச்சுன்னா ஜோடி ரெண்டும் வெளிய வந்து ஒரே கிளையில ஒட்டி ஒட்டி உக்காரும், ஒண்ணு இன்னொண்ணோட தலைய அலகால கோதி விடும், கோதி விடப்படறது கண்ண பாதி மூடிக்கும். அப்புறம் கத்தல் ஆரம்பிக்கும், அடுத்த மரத்துலேருந்து பதில் வரும், அதக் கேட்டே பக்கத்துல எத்தன ஜோடி இருக்குன்னு ஓரளவுக்கு கணக்கு போட்டுடலாம். இருட்டினதும் வேட்டை. கரண்டு கம்பி, வேலிக் கல், வயல்ல நட்ட குச்சின்னு எதுலயாவது உக்காந்து தரையப் பாத்துட்டே இருக்கும், டக்குனு விழும், திரும்பி ஏறும். வண்டு, வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, மண்புழு, தேள், பல்லி, ஓணான் குட்டி, சுண்டெலி, எப்பயாவது சின்னக் குருவி, இதுதான் மெனு. தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழ உக்காந்து விளக்குக்கு வர்ற பூச்சிய பிடிக்கறதையும் பாக்கலாம். ரோட்டுல அடிபட்டுச் சாகறதும் இதனாலதான், விளக்குல மயங்கின பூச்சி தார் ரோட்டுல விழுது, அத எடுக்க எறங்கறப்ப வண்டி வந்துடுது.

சாயங்காலம் முடியாதவங்க குளிர் காலத்துல காலைல போங்க. மார்கழி, தை மாசம் வெயில் ஏறறப்ப பொந்து வாசல்ல வந்து கண்ணச் சொருகிட்டு குளிர் காயும், போட்டோ எடுக்கறதுக்கு இத விட நல்ல வெளிச்சம் கெடையாது. பகல்ல ஆந்தைக்கு கண்ணு தெரியாதுன்னு சொல்றதெல்லாம் சும்மா, நீங்க காலடி எடுத்து வச்சதுமே ஒரு கண்ணு தெறக்கறதப் பாத்தா புரியும்.

வருஷத்துல எப்ப என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு போனா பாக்கறது ரொம்ப சுவாரசியமா இருக்கும். இனப்பெருக்க காலம் நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும். ஆரம்பத்துல கத்தல் கூடும், ஆண் எரை கொண்டாந்து பெண்ணுக்கு ஊட்டும், அலகோட அலகப் பிடிச்சு இழுத்துக்கும். அப்புறம் திடீர்னு ஒண்ணு மட்டும்தான் வெளிய தெரியுது, இன்னொன்ன காணோம்னா உள்ள முட்டை இருக்குன்னு வச்சுக்கலாம். மூணு நாலு வெள்ள முட்டை, கிட்டத்தட்ட உருண்டையா இருக்கும். மொத முட்டை போட்டதுமே அடைகாக்க ஆரம்பிச்சுடறதால குஞ்சுங்க ஒரே நாள்ல பொரியாது, மூத்தது ஒரு சைஸ் கடைசி ஒரு சைஸ். எரை கொறஞ்சா கடைசிக் குஞ்சு பட்டினிலயே போயிடும், மூணு பொரிச்சா ஒண்ணோ ரெண்டோதான் பொந்த விட்டு வெளிய வரும். கேக்க கஷ்டமா இருந்தாலும் இது அதுங்க வழக்கம், நீங்க எரை கொண்டு போய் போடணும்னு அவசியம் இல்ல. மொதல்ல கரப்பான், வெட்டுக்கிளின்னு பூச்சியா வரும், குஞ்சு வளர வளர எலி வர ஆரம்பிக்கும். எலி கெடைக்கற ஜோடி, பூச்சிய மட்டும் நம்பற ஜோடிய விட அதிகக் குஞ்ச கரை சேக்குது, வயலுக்கும் வீட்டுக்கும் பக்கத்துல இருக்கற பொந்துங்களுக்கு இதுல ஒரு லாபம் உண்டு. மூணு நாலு வாரத்துல குஞ்சுங்க வாசலுக்கு வந்துடும். முட்டையும் குஞ்சும் இருக்கற காலம் பூரா தூரத்த இன்னும் கூட்டிக்கோங்க, மரத்துல ஏறி எட்டிப் பாக்கறது, பொந்துக்குள்ள செல்போன நீட்டி போட்டோ எடுக்கறது எல்லாம் சுத்தமா கூடாது.

இப்ப அந்த உருண்டை. ஆந்தை எரைய முழுசாவோ பெரிய துண்டாவோ முழுங்கும், சதை கரைஞ்சதும் கரையாத முடி, எலும்பு, வண்டு ஓடு எல்லாத்தையும் வயித்துலயே அமுக்கி உருட்டி வாய் வழியா வெளிய தள்ளிடும். எச்சம் இல்ல இது, நாத்தமும் பெருசா இருக்காது. பருந்து, கழுகு கக்கறதுல எலும்பு பாதி கரைஞ்சு போயிருக்கும், ஆந்தைக்கு வயித்து அமிலம் கொஞ்சம் வீக்குங்கறதால எலும்பு நல்லாவே தப்பிக்கும், அதான் நமக்கு வசதி. கையுறை போட்டு எடுத்துட்டு வாங்க, ஒரு பழைய கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணில ஊறப்போட்டு, ஊசியால மெதுவா பிரிங்க, தட்டுல கருப்பு பேப்பர் போட்டு அதுல அடுக்கினா சின்ன எலும்பு பளிச்சுனு தெரியும். பளபளன்னு கருப்பா வளைஞ்ச தகடு வந்தா வண்டோட மேல் ஓடு. ரம்பப் பல்லு மாதிரி முள்ளு வச்ச காலு வெட்டுக்கிளியோடது. தாடை எலும்பு கெடச்சா பல்லப் பாருங்க, முன்பல்லு ஆரஞ்சு கலர்ல உளி மாதிரி இருந்து அதுக்குப் பின்னாடி பல்லே இல்லாம ஒரு இடைவெளி இருந்தா எலி, வெள்ளையா ஊசி ஊசியா பல்லு வரிசையா நெருக்கி இருந்தா மூஞ்சூறு. ஒரே மரத்தடி உருண்டைய மாசத்துக்கு ஒரு தடவ பிரிச்சு தேதி போட்டு எழுதி வச்சீங்கன்னா மழைக்காலத்துல பூச்சி எவ்ளோ, அறுவடைக்கு அப்புறம் எலி எவ்ளோன்னு உங்க ஊர் கணக்கே உங்க கையில இருக்கும். ஸ்கூல் பசங்கள இதுல எறக்கி விட்டா அப்புறம் நம்மள விட மாட்டாங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவ வைங்க.

செய்யக் கூடாதது கொஞ்சம் இருக்கு. போன்ல ஆந்தை சத்தம் போட்டுக் கூப்பிடறது இப்ப ஃபேஷனா போச்சு, வேற ஒரு ஆந்தை எடத்தப் பிடிக்க வந்துடுச்சுன்னு அது வேட்டைய விட்டுட்டு சண்டைக்கு நிக்கும், பாவம். ஃபிளாஷ் வேணாம். பொந்து இருக்கற மரம் அடையாளம் தெரியற மாதிரி போட்டோவும் லொக்கேஷனும் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்லல, மாந்திரீகம் அது இதுன்னு ஆந்தை பிடிக்கற ஆளுங்க இருக்காங்க, பொந்துல தூங்கற புள்ளி ஆந்தை அவங்களுக்கு ஈசியான சரக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைய பிடிக்கறது, விக்கறது, வீட்டுல வளக்கறது எல்லாமே குத்தம், அப்படி யாராவது வச்சிருந்தா வனத்துறைக்கு சொல்லுங்க.

எலி பேஸ்ட், எலி கேக் வைக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. புரோமடையலோன் மாதிரி மருந்து தின்ன எலி உடனே சாகாது, ரெண்டு மூணு நாள் தள்ளாடிட்டு வெளிய சுத்தும், அந்தத் தள்ளாடற எலிதான் ஆந்தைக்கு மொதல்ல மாட்டும், மருந்தும் கூடவே போகும். பொந்து பக்கத்துல இருக்கற வீடுன்னா எலிப்பொறி வைங்க. வயல்ல டி வடிவத்துல குச்சி நட்டு விட்டீங்கன்னா ராத்திரி ஆந்தை வந்து உக்காந்து பாதி வேலைய அதுவே பாத்துக்கும், ஆனா கதிர் முத்தறப்ப பிடுங்கிடுங்க, இல்லன்னா பகல்ல நெல்லு திங்கற குருவிங்களுக்கு அதே குச்சி சவுகரியமாயிடும்.

மாசி, பங்குனில குஞ்சு கீழ விழுந்து கெடக்குன்னு யாராவது தூக்கிட்டு வருவாங்க. காயம் இல்லன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, பால், பிரெட், சோறு எதுவும் வாயில திணிக்காதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். ஒடம்புல தூவி சரியா மொளைக்காத குஞ்சுன்னா ஏணி வச்சு பொந்துலயே விட்டுடுங்க, மனுச வாசனை பட்டா தாய் சேத்துக்காதுங்கறது கட்டுக்கதை. பொந்து எட்டலன்னா ஒரு அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு காஞ்ச புல்லு வச்சு அதே மரத்துல நாய் பூனைக்கு எட்டாத உயரத்துல கட்டி அதுல விடுங்க. இறக்கை மொளைச்சு தத்தி தத்தி நடக்கறதுன்னா அது பறக்கப் பழகற வயசு, ஒரு கிளையில ஏத்தி விட்டுட்டு தூரமா நின்னு பாருங்க, இருட்டினதும் தாய் எரையோட வரும். மாஞ்சா நூல்ல அறுபட்டது, இறக்கை தொங்கறது, பூனை கடிச்சதுன்னா மட்டும் காத்து போற இருட்டுப் பெட்டியில போட்டு வனத்துறைக்கோ பறவை பாக்கற வெட்னரி டாக்டருக்கோ அன்னிக்கே கொண்டு போங்க.

மரம் போயிடுச்சு, பொந்தும் போயிடுச்சுங்கற ஊர்ல பெட்டி மாட்டிப் பாக்கலாம். ஐரோப்பாவுல இதோட சொந்தக்கார ஆந்தைக்கு 7 சென்டிமீட்டர் ஓட்டை வச்ச பெட்டி மாட்டறாங்க, நம்ம ஆளும் ஏறக்குறைய அதே சைஸ்தான். தடிச்ச பலகையில செய்யுங்க, தகரம் வேணாம், சித்திரை வெயில்ல குஞ்சு வெந்து போகும். அடியில தண்ணி வடிய ரெண்டு மூணு சின்ன ஓட்டை, உள்ள ஒரு கைப்பிடி மரத்தூள், வாசல் மேற்கு வெயிலுக்கு நேரா இருக்கக் கூடாது. வாசலுக்கு வெளிய குச்சி வைக்காதீங்க, அது காக்காவுக்குத்தான் உக்கார வசதி. ஆளு கை எட்டாத உயரத்துல, தடிச்ச கிளையில, நவம்பருக்கு முன்னாடியே மாட்டிடுங்க. ஆந்தை வர்றதுக்குள்ள மைனா ஏறிடும், அதுக்குத்தான் சான்ஸ் அதிகம், ஏறிட்டா அதோட கூட்டப் பிச்சுப் போடாதீங்க, கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்துல ரெண்டாவது பெட்டி மாட்டுங்க. மே மாசம் தாண்டி குஞ்சுங்க எல்லாம் வெளிய போனப்புறம் எறக்கி, உள்ள கெடக்கறத கொட்டி, உருண்டை இருந்தா தனியா எடுத்து வச்சுட்டு, காய வச்சு திரும்ப மாட்டுங்க.